பீப்பாய்க் காற்று

ஒயின் நிலவறைக்குள் நின்று மூச்சு விட்டாலே போதை ஏறிவிடும் என்று நான் முழுமனதாக நம்பினேன். படித்தவன்தான். இருபது வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். நம்பியதோடு விட்டேனா, அதற்கேற்ப நடந்தும் காட்டினேன்.

டெக்சாஸ் காப்பெலிலிருந்து என் மனைவியின் அண்ணன் மில்பிடாஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "கலிஃபோர்னியா வரைக்கும் வந்துட்டு வெறும் தோசையத் தின்னுட்டுப் போகச் சொல்றியா?" என்று தங்கையை மடக்கி, லிவர்மோர் பக்கம் ஒரு பழைய போர்ட் ஒயின் நிலவறையைச் சுற்றிப் பார்க்க மூன்று பேருக்கு புக் பண்ணிவிட்டார். கார் ஓட்டுவது நான் என்பதால் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று முன்பே அறிவித்துவிட்டேன். தியாகமெல்லாம் இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்த கிரீன் கார்டுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. குடித்துவிட்டு ஓட்டி மாட்டிய யாரோ ஒருவரின் கிரீன் கார்டு ஃபைல் கிடப்பில் விழுந்த கதையை வாட்ஸாப் குழுவில் படித்த நாளிலிருந்து, இருமல் மருந்தைக்கூட லேபிள் பார்த்துத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

நிலவறையைக் குன்றின் அடியில் குடைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஓக் மரப் பீப்பாய்கள். உலர்திராட்சை மூட்டையைப் பெயின்ட் கடையில் வைத்து அவிழ்த்த மாதிரி ஒரு வாசனை. சுற்றிக் காட்டியவர் நரைத்த முடியுள்ள ஒரு அமெரிக்கப் பெண்மணி. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தியை ஊற்றி அதை நிறுத்திவிடுவார்கள், அதனால் இனிப்பும் தங்கும், போதையும் கூடும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அதோடு விட்டிருக்கலாம். வருடா வருடம் கொஞ்சம் ஒயின் மரத்தின் வழியாகக் காற்றில் கலந்துவிடும், அது தேவதைகளின் பங்கு, நீங்கள் இப்போது முகர்வதும் அதைத்தான் என்றார்.

என் மண்டைக்குள் கணக்கு ஓடியது. இத்தனை பீப்பாய், இத்தனை வருடம், ஒரே ஒரு மூக்கு.

மூச்சை அடக்கினேன். முப்பது வரை எண்ணுவேன், தாங்க முடியாமல் கொஞ்சமாக இழுப்பேன், மறுபடி அடக்குவேன். குளிர்ச்சி போய்விடக்கூடாது என்று கதவை வேறு சாத்தியிருந்தார்கள். முக்கால் மணி நேரம். கடைசியில் உதடு மரத்து, விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தபோது ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ருசி பார்க்கும் அறைக்கு வந்தோம். மச்சானுக்கு ஆறு குட்டி கிளாஸ். "பேரீச்சம்பழ சிரப் மாதிரியே இருக்குண்ணா" என்று மனைவியும் நாலு கிளாஸ் வரை போய்விட்டாள். அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"எனக்கு ஏறிடுச்சு."

"என்ன, பி.பி.யா?"

"போதை."

தொடப்படாத என் கிளாஸைப் பார்த்தாள். "நீங்க எங்க குடிச்சீங்க?"

"காத்துல."

மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தேவதைங்க பங்குல மாப்ள கை வச்சுட்டாரு!"

"விளையாடாதீங்க மச்சான். வழில போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னா? குடிக்கல சார், சுவாசிச்சேன்னு சொல்லவா?"

மனைவி சிரிப்பை நிறுத்தினாள். என் கிரீன் கார்டு ஃபைலில் அவள் பெயரும் இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் குடிச்சாச்சு. இப்ப யாரு ஓட்டுறது?" டாக்ஸி கூப்பிடலாமென்றால் போனில் சிக்னல் இல்லை.

காற்றிலிருந்து ஒரு மனிதனுக்குள் எவ்வளவு போகும் என்று அந்தப் பெண்மணியிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. மேஜைக்கு அடியிலிருந்து ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்து நீட்டினார். ஊதினேன். பூஜ்யம். மறுபடி ஊதினேன். பூஜ்யம்.

"மிஷின் ரிப்பேர்" என்றேன்.

மச்சான் பிடுங்கி ஊதினார். எண் விறுவிறுவென்று ஏறியது. "மிஷின் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ரிப்பேர் வேற எங்கயோ."

பூஜ்யம் என்பது மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. கார் சாவி விரலுக்குள் நிற்காமல் கிலுகிலுவென்று ஆடியது.

"சாவியக் குடுங்க" என்றாள் மனைவி.

"நீ குடிச்சிருக்க!"

"இப்பவே ஓட்டப் போறேன்னு யாரு சொன்னா? பேசாம உக்காருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் குடித்தாள், ரொட்டி வாங்கித் தின்றாள், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நடந்தாள், அரை மணிக்கொரு தரம் உள்ளே போய் ஊதினாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்மணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, நோயாளியைப் பார்ப்பது போலக் கையசைத்தார். நானும் அசைத்தேன். வேறென்ன செய்ய?

மூன்றரை மணி நேரம் கழித்து அவளுக்கும் பூஜ்யம் வந்தது. நாலு கிளாஸ் குடித்தவள் காரை ஓட்டினாள். ஒரு சொட்டும் குடிக்காத நான் பின் சீட்டில் படுத்துக்கொண்டு மில்பிடாஸ் வந்து சேர்ந்தேன்.