ரெட்டை முடிச்சு

கேன்டீனில் அவளுக்கு மிச்சக்கா என்று பேர். தட்டில் மிச்சம் வைத்தவர்களை நன்றாக முறைத்துவிட்டுத்தான் தட்டை வாங்குவாள். "எவ்வளவு வேணும்னு வயித்தைக் கேட்டுட்டு வாங்கக் கூடாதா சார்?" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போவார்கள். மறுநாளும் பாதித் தட்டு மிஞ்சும்.

மிஞ்சிய சோற்றுக்கு முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். பையில் போட்டு, கட்டுவதற்கு முன் பினாயில் ஊற்றிவிட வேண்டும். சும்மா போட்டால் பின்சந்தில் கூட்டம் சேருமாம், கடைக்குக் கெட்ட பேராம். பசித்தவன் வந்து நின்றால் கெட்ட பேர், சோற்றில் பினாயில் ஊற்றினால் நல்ல பேர். என்ன நியாயமோ போங்கள். அதை ஊற்றித்தான் மிச்சக்காவும் வயிறு வளர்த்தாள்.

தம்பிக்கு ஆலை வேலை போன பிறகு அவளுக்கு ஊற்றக் கை வரவில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆனால் ரோஷக்காரன், அக்காவிடம்கூடக் கை நீட்ட மாட்டான். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரும் தொடாமல் அண்டாவில் மிஞ்சியதைத் தனிப் பையில் போட்டாள். பினாயில் ஊற்றவில்லை. அடையாளத்துக்கு அதற்கு மட்டும் ரெட்டை முடிச்சு, மற்றவற்றுக்கு ஒற்றை முடிச்சு. தம்பியிடம் ஒரே தடவை சொன்னதோடு சரி. அவன் சாயங்காலம் பின்சந்துக்கு வந்து அந்தப் பையை மட்டும் எடுத்துப் போவான். அதைப் பற்றி இருவரும் மூச்சு விட்டதில்லை.

காய்ச்சலில் அவள் படுத்துவிட்ட அன்று, பாத்திரம் கழுவப் புதிதாகச் சேர்ந்தவள் பைகளைக் கட்டினாள். நல்லவள்தான், சொன்னதற்கு மேலேயே செய்கிறவள். "ஏன்க்கா இதுக்கு ரெண்டு முடிச்சு?" என்று அவள் முன்பு கேட்டபோது, "ஒழுகாதும்மா" என்று மிச்சக்கா சமாளித்திருந்தாள். அதை நினைவில் வைத்திருந்தவள் எல்லாப் பையிலும் பினாயில் ஊற்றி, எல்லாவற்றுக்கும் ரெட்டை முடிச்சுப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு மிச்சக்கா காய்ச்சலோடு ஓடி வந்தபோது, தம்பியின் சின்னவளுக்கு மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. தம்பி சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"வாசம் தெரியலையாடா உனக்கு?"

"தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம்?"

"நல்லாக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். வாசம் போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். நேத்தும் சாப்பிட ஒண்ணுமில்லக்கா, சின்னவ அழுதுட்டே இருந்தா. அவளுக்குத்தான் முதல்ல குடுத்தேன்."

"கொட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சோத்தை எப்படிக்கா கொட்டுறது?"

வாழ்நாளெல்லாம் அவள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். ஒரு வார்த்தை அந்தப் புதியவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள், பாவி.

பெரியவள் பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்கா, நாளைக்கு நீ வேலைக்குப் போவியா?"

அவன் அவளிடம் வாய் திறந்து சோறு கேட்டது அதுதான் முதல் தடவை.