ஊருக்குப் போகாத மோட்டார்

லண்டனின் லூயிஷாமில் மழை கொட்டுகிறது. நான் ஒதுங்கி நிற்கும் மளிகைக் கடையின் பேஸ்மென்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, ஒரு பெரிய மோட்டாரை ஓடவிடுகிறார் நெடுந்தீவுக்காரரான கடைக்காரர்.

“ஊர்க் கிணத்துக்கெண்டு வாங்கினது தம்பி. வேண்டாம் எண்டிட்டினம்.”

“ஏன் அண்ணா?”

“இப்ப அங்க மழை பிந்துது, கடலும் ஏறுது. மோட்டாரால இழுத்தால் அடியில கிடக்கிற உப்புத்தண்ணி மேல வந்திடுமாம். வாளியாலதான் அள்ளுறதெண்டு கூட்டம் போட்டு முடிவெடுத்திட்டினம். கூரையோரம் பூட்டி மழைத்தண்ணி பிடிக்கப் பீலிதான் கேட்டவை. அனுப்பிட்டன்.”

“அப்போ இது வீணா?”

வடியும் தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“தீவுக்கெண்டு வாங்கினது சரிதான் தம்பி. எந்தத் தீவெண்டதுதான் பிழைச்சுப்போச்சு.”