வயர் எட்டும் வரை

என் அண்ணனுக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. மீன் சந்தையில் ஏலம் போடுகிறவருக்கு உட்கார நேரம் ஏது? காலில் சக்கரம் கட்டியவர் போலக் கூடைக்குக் கூடை நடந்துகொண்டே கத்துவார். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கும் வரமாட்டார். முதலில் மீனின் கண்ணைப் புகழ்வார், பிறகு செதிலை, அப்புறம் அதைப் பிடித்து வந்தவனின் குடும்பத்தையே புகழ்வார். ஊரைச் சுற்றிவந்து கடைசியில்தான் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கையைத் தட்டுவார். மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் பொருள் கைமாறிப் போயிற்று. ஆண்டவனே வந்து கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

வீட்டிலும் அதே கூத்துதான். யார் முதலில் குளிப்பது, ஜன்னல் ஓரம் யார் படுப்பது, எல்லாவற்றுக்கும் ஏலம். மூன்றாவது தட்டு மட்டும் அவருடைய மகளுக்கு. ஒரே மகள், எங்கள் எல்லாருக்கும் பாப்பா. இவர் இரண்டு தரம் தட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டுவார். அது ஓடிவந்து ஓங்கி ஒன்று போடும்.

பாப்பா வளர்ந்து கல்லூரி முடித்த சமயம், அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். தெருவுக்கே நிம்மதி என்று முதலில் நான் கேலிதான் பேசினேன். ஆனால் அந்த அமைதியை என்னாலேயே பொறுக்க முடியவில்லை.

பாப்பா, கல்லூரியில் தான் வைத்திருந்த பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுதிவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கும். செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல நிறுத்தி நிதானமாக ஒரு குரல். "என் செருப்ப எந்தக் கழுதை எடுத்துச்சு?" என்று அந்த மரியாதையான குரலில் அண்ணன் திட்டும்போது சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போனில் எழுதலாமே என்றால், பனிக்கட்டியில் கிடந்து மரத்துப்போன அந்த விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும்.

கிடைத்த குரலுக்கும் ஆயுசு கெட்டியாக இல்லை. பாதிக்குப் பக்கமாக சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும், பொசுக்கென்று அணைந்துவிடும். பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி செத்துப்போச்சுங்க. இந்த மாடலுக்குத் தேடித்தான் பிடிக்கணும், சொல்லி வெக்கிறேன். அதுவரைக்கும் சார்ஜரைக் கழட்டாம ஓட்டுங்க. கழட்டினா எப்ப நிக்கும்னு சொல்லவே முடியாது."

"புதுசே வாங்கிடலாம்பா," என்றாள் பாப்பா.

அண்ணன் அந்த லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். புதுசில் தன் குரல் வருமோ வராதோ என்று பயம். ஏதோ அந்தப் பெண்குரல் பிறந்ததிலிருந்து அவருடையது போல!

அப்படியாக ஊரெல்லாம் நடந்த மனுஷன் கூடத்துச் சுவரோடு கட்டிப்போடப்பட்டார். வயர் எட்டும் தூரம்தான் அவர் ராஜ்யம். பேச்சு சூடாகும்போது தன்னை மறந்து எழுவார், வயர் இழுபடும், பாதிப் பேச்சில் அணைந்துவிடும். அது மறுபடி கண்விழிக்கும் வரை காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். பார்க்கிற எனக்குக் காலில் எறும்பு ஊறுகிறாற்போல இருக்கும்.

அண்ணிக்கோ அந்தச் செத்த பேட்டரி ஒரு வரப்பிரசாதம். சண்டை முற்றினால் துடைப்பத்தோடு சுவர்ப்பக்கம் போவாள், சுவிட்சைத் தட்டுவாள், "ஐயோ, கரண்டு போச்சே!" என்பாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அண்ணன் விசிறியைக் காட்டிக் காட்டிக் குதிப்பார்.

இந்த நிலையில்தான் பாப்பாவுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. அன்று அவர் தட்டிய தட்டில் எழுத்துக் கட்டைகள் பெயர்ந்து வராதது ஆச்சரியம்.

"நம்ம குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் தெரியுமா?" என்று தொடங்கியது அந்தக் குரல். தாத்தா வந்தார், கொள்ளுத்தாத்தா வந்தார், என்னைக்கூட விட்டுவைக்கவில்லை.

"நான் போகலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்கப்பா," என்றாள் பாப்பா.

அவர் இன்னும் மீனின் செதிலைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். முகத்தில் கோபம் ஏற ஏற, இவர் என்ன சொல்லித் தொலைப்பாரோ என்று அண்ணிக்கு உதறல் எடுத்தது. சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

அன்று யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் லேப்டாப்பை மூடினார். பிறகு அதைத் திறக்கவே இல்லை. அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் எதிரும் புதிருமாக வளைய வந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லாமலே அனுப்பிடுவாரா அத்தை?" என்று பாப்பா என்னிடம் வந்து அழுதாள். எனக்கு வந்ததே ஆத்திரம், நேரே போய்க் கத்தினேன்.

"குரல் போயும் உங்க வீம்பு போகலையே அண்ணா! பொண்ணு நாளைக்குக் கிளம்புறா."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பார்த்தால் லேப்டாப் திறந்திருந்தது. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், யாரையும் கிட்டே விடவில்லை. எட்டிப் பார்த்தேன். திரை நிறைய எழுத்து. பாப்பா பிறந்த நாளில் பெய்த மழையிலிருந்து ஆரம்பித்திருந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

வாசலில் கார் வந்து நின்றது. ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றினார். பாப்பா கூடத்துக்கு வந்து, "போயிட்டு வர்றேன்பா," என்றாள். அவர் நிமிரவில்லை, கொஞ்சம் இரு என்று இடது கையை மட்டும் காட்டினார். அவள் நின்று பார்த்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும்தான் அண்ணன் துள்ளி எழுந்தார். சார்ஜரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

"ஐயையோ, நின்னுடப் போகுது!" என்று அண்ணி பின்னாலேயே ஓடினாள். எத்தனை முறை தன் கையாலேயே அணைத்தவள், அன்று அவள் பதறியதைப் பார்க்க வேண்டும்.

கார் பானட்டின் மேல் லேப்டாப்பை வைத்தார். "நீ பிறந்த அன்னைக்கு நல்ல மழை," என்று நிதானமாக ஆரம்பித்தது குரல். "ஆஸ்பத்திரி வாசல்ல முழங்கால் தண்ணி." திரையின் மூலையில் சார்ஜ் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்க்கிற மகளைப் பார்த்தார். சட்டென்று குரலை நிறுத்தினார். காலையிலிருந்து எழுதியது அத்தனையையும் அழித்தார். வெறும் திரையில் ஒன்றே ஒன்றைத் தட்டினார்.

"பயமா இருக்கு பாப்பா," என்றது குரல்.

திரை கறுத்துவிட்டது.

பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பை மூடி அண்ணியிடம் கொடுத்தார். பிறகு வலது கையை ஓங்கி இடது உள்ளங்கையில் தட்டினார். ஒரு தரம். மறுபடி தட்டினார். ரெண்டு தரம். அதற்குமேல் முடியவில்லை. நீட்ட வேண்டிய உள்ளங்கையை இறுக மூடி மார்போடு வைத்துக்கொண்டார்.

பாப்பா காரை விட்டு இறங்கி வந்தாள்.

"எனக்கும் பயமாத்தான்பா இருக்கு," என்றாள். அந்தக் கையை மார்பிலிருந்து இழுத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓங்கி ஒன்று போட்டாள்.