கட்டினவன்தான் அவுக்கணும்

சிவசண்முகம் என்ஜின் மேல் தாவி ஏறி, இரண்டு கைகளையும் விரித்து, கொதிகலனுக்கு முன்னால் நின்றுவிட்டார். கேஸ் கட்டரின் நீலச் சுவாலை அவர் பேண்ட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சீறியது.

"தள்ளுங்க சார். துணியில பிடிச்சிரும்" என்றான் கட்டரைப் பிடித்திருந்த பெருமாள்ராஜ்.

"உங்க அண்ணாச்சி ஒரு மணிவரைக்கும் தவணை குடுத்திருக்காரு. இப்ப மணி பன்னெண்டு அஞ்சு. அணைங்க."

முனகிக்கொண்டே அணைத்தான்.

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது போன வைகாசியில், தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு பழைய இரும்பு யார்டில் நடந்தது. ராத்திரி இல்லை. மழை இல்லை. நாய் ஊளையிடவில்லை. உச்சி வெயிலில் மூன்று பேர் கண்ணால் பார்த்தது.

சிவசண்முகம் பாலிடெக்னிக் வாத்தியார், நாற்பத்தைந்து வயது. அவர் அப்பா ஃபயர்மேனாகக் கரி அள்ளிப்போட்ட நீராவி என்ஜின் அது. ஏதோ ஒரு மில்லில் கொதிகலனாக உழைத்துவிட்டு, கடைசியில் இங்கே வந்து கிடந்தது. உருக்குவதற்கு விடாமல் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று பதினோரு மாதமாக அலைகிறார். எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். ஒரே ஒரு அதிகாரியின் கையெழுத்துதான் வரவில்லை. அதற்குப் பத்தொன்பது நடை.

அதைவிட எரிச்சல், அப்பா. சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் சொன்னால், "வெட்டிப் போடட்டும்லே. உனக்கு என்ன வந்துது?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

12.09. அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"சார் சாப்பிடப் போயிருக்காவ."

"பன்னெண்டு மணிக்கேவா?"

"வெயிலுல்லா. சீக்கிரம் பசிக்குதாம்."

போனைத் தூக்கி எறியலாமா என்று பார்த்தார். அப்போதுதான் பெருமாள்ராஜ் கேட்டான்.

"சார், இதை யாரு கட்டுனது?"

ரெகுலேட்டர் கைப்பிடியில், அதாவது டிரைவர் இழுத்து வண்டியை நகர்த்துகிற அந்த நீளக் கம்பியில், சிவப்புக் கரைத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"கட்டியிருந்தா என்ன?"

"உள்ள ஆள் இறங்குனா வெளிய துண்டைக் கட்டிட்டுத்தான் இறங்கணும் சார். துண்டு கிடந்தா நாங்க தீ காட்ட மாட்டோம். கட்டினவன்தான் அவுக்கணும்."

"உள்ள யாரு இருக்கா? காக்காகூட இல்ல."

சிவசண்முகமே அவிழ்த்தார்.

துண்டு ஈரமாக இருந்தது. கை வைத்தால் தோல் உரியும் சூட்டில் இரும்பு. துண்டு மட்டும் இப்போதுதான் ஆற்றில் முக்கி எடுத்தமாதிரி. மடிப்பில் பொடி மணல். சுருட்டிக் கீழே எறிந்தார்.

12.17. யார்டுக்காரர் பாக்கியசீலன் வந்தார். மேலே பார்த்தார்.

"என்ன சார்வாள், லெட்டர் வரும்னியோ. துண்டுல்லா வந்திருக்கு."

சிவசண்முகம் திரும்பினார். கைப்பிடியில் துண்டு. அதே முடிச்சு.

"உங்க ஆள் என்னைக் கிண்டல் பண்ணுதான் அண்ணாச்சி."

"நான் கீழயே நிக்கேன்" என்றான் பெருமாள்ராஜ். "வெட்டைத் தள்ளிப்போட சார்தான் வித்தை காட்டுதாரு."

"யாரு காட்டுனாலும் சரி. ஒரு மணிக்கு மேல ஆண்டவரே வந்து நின்னாலும் வெட்டுதான்." பாக்கியசீலன் ஏறிவந்து, துண்டை அவிழ்த்து, மதிலோரம் வீசினார்.

12.41. மறுபடி போன்.

"சார் கை கழுவுதாவ."

12.58. சிவசண்முகத்தைக் கீழே இறக்கியாயிற்று.

"பத்த வைவே" என்றார் பாக்கியசீலன்.

பற்றவைத்தான். அணைந்தது.

மறுபடி. அணைந்தது.

காற்றே இல்லை...

ஸ்ஸ்...

சுட்ட தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

கைப்பிடியில் துண்டு. சொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் நகரவில்லை. யாரும் ஏறவில்லை.

டொக்.

கரி போட்டு எரிக்கிற நெருப்புப் பெட்டிக்குள்ளிருந்து. கடப்பாரை போட்டும் அசையாத, துருப்பிடித்து இறுகிய கதவு அது.

டொக்... டொக்.

"உள்ள... யாரு?" என்றார் சிவசண்முகம்.

டொக்.

பெருமாள்ராஜ் கட்டரைப் போட்டுவிட்டு ஓடினான்.

பாக்கியசீலன் இரண்டடி பின்வாங்கினார்.

1.00. சிவசண்முகத்தின் போன் அடித்தது. "சார் கையெழுத்து போட்டுட்டாவ. வாட்ஸப்புல பாருங்க."

"கொண்டு போயிரும் சார்வாள்" என்றார் பாக்கியசீலன், என்ஜினைப் பார்க்காமலே. "இன்னைக்கே கொண்டு போயிரும்."

பதினோரு மாதம் நாயாக அலைந்து கேட்டது கைக்கு வந்தாயிற்று. ஆனால் சிவசண்முகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே ஏறி, துண்டை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டார்.

சாயங்காலம் 6.20. வண்ணார்பேட்டை வீடு.

"என்ஜின் தப்பிச்சிட்டுப்பா. ஆனா எவனோ இந்தத் துண்டை வச்சு..."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். துண்டின் மூலையை விரித்தார். மூன்று புள்ளி, ஒரு கொக்கி. சலவைக் குறி. அப்பாவின் பழைய வேட்டிகளில் இருக்கிற அதே குறி.

"இதை ஆத்துலல்லா விட்டேன்" என்றார். "குறுக்குத்துறையில. நாப்பத்தஞ்சு வருசமாச்சு."

சிவசண்முகம் குனிந்து குறியைப் பார்த்தார்.

"உள்ள தட்டுனானா?" என்று அப்பாவே கேட்டார்.

"ம்."

"கிருபைராஜ்." அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நெருப்புப் பெட்டியில சாம்பல் அள்ளுற முறை என்னோடது. துண்டைக் கட்டிட்டு இறங்குனேன். பாதியில ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்துது. 'நீ போடே, நான் அள்ளுதேன்'னு கிருபைராஜ் உள்ள போனான். ரெண்டு ஷிப்ட் பாத்தவன்... உள்ளயே அசந்துட்டான் போல. கட்டினவன்தான அவுக்கணும்? நான் எப்பவும்போல அவுத்துத் தோள்ல போட்டுட்டு ஓடிட்டேன். துண்டு இல்லையேன்னு அடுத்த ஆள் கதவைச் சாத்திப் பத்தவச்சுட்டான்."

துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"அப்படி என்னப்பா அவசரம்? ஆஸ்பத்திரியில என்ன சொன்னாவ?"

அப்பா மகன் முகத்தைப் பார்த்தார்.

"ஆம்பளப் பிள்ளைன்னு சொன்னாவ."