ஈயத்துக்கான அட்டை கிடைக்காத வருடம்

என் கைப்பையில் எப்போதும் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு, மற்றது ஈயப் பெயின்ட் வேலைக்கு. இரண்டுக்கும் ஆயுள் ஒரு வருடம்தான். அதற்குள் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, முகமூடிச் சோதனையும் ரத்தச் சோதனையும் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். யாங்கூனில் எல்லாரும் இதைக் கேட்பதில்லை. எங்களுக்கு வேலை தருகிற வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. அட்டை இல்லாதவரை அவர்கள் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள்.

நான் இந்த வேலையைத் தேடி வரவில்லை. ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கடிதம் அடிக்கிற வேலையில் இருந்தேன். ஆங்கிலத்தில் படித்துப் பர்மிய மொழியில் ஆட்களுக்குச் சொல்லத் தெரிந்த ஒருவர் வகுப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆபீசில் அப்படி நான் ஒருத்திதான் இருந்தேன், போனேன். இப்போது எனக்குக் கீழே எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆற்றுத்துறையை ஒட்டிய போட்டாதாங்கில் பழைய கிடங்குகளின் கூரைத் தகடுகளைத் தண்ணீரில் நனைத்து, உடையாமல் இறக்குவோம். நகரத்துக்குள் நூறு வருடப் பழைய கட்டடங்களின் ஜன்னல்களில் படிந்திருக்கும் ஈயப் பெயின்ட்டைத் தூசி எழாமல் சுரண்டுவோம். சுரண்டுவது அவர்கள். நான் பிளாஸ்டிக் திரைக்கு வெளியே நின்று, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், கை கழுவினார்களா, வாயில் வெற்றிலைச் சுருள் இருக்கிறதா என்று பார்ப்பேன். உள்ளே போகுமுன் வெற்றிலையைத் துப்பச் சொல்லுவதுதான் என் வேலையில் பாதி.

அந்த வருடம் நான் புதுப்பித்தது ஏழாவது முறை. வகுப்பு எடுக்கிறவர் ஒரு பர்மியப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். எல்லாரும் அவரைச் சயாமா என்போம், ஆசிரியைக்கு அதுதான் இங்கே வார்த்தை. அவர் என்னை அமா, அக்கா, என்று கூப்பிடுவார். வகுப்பு நடப்பது மூன்றாம் மாடியில் ஒரு வாடகை அறை. முதல் நாள் லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்து எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே முகமூடிச் சோதனையை ஆரம்பித்தார்.

முகமூடியை மாட்டியதும் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் பீச்சுவார்கள். தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், ஒரு தாளில் இருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். நாக்கில் கசந்தால் முகமூடி முகத்தோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். எனக்குக் கசக்கவில்லை. பிறகு பாதுகாப்பு உடையைக் கழற்றும் முறையைச் செய்துகாட்டினேன். அதிலும் தவறு இல்லை.

அன்று மாலை ஒரு படிவம் கொடுத்தார்கள். வருடா வருடம் வருகிற படிவம்தான். ஐந்தாவது கேள்வி, வேலை இடத்துக்கு வெளியே உங்களுக்கு ஈயத்தோடு தொடர்பு உண்டா என்பது. இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அதற்கு முந்தைய மூன்று வருடங்களும் அப்படித்தான் போட்டிருந்தேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை. அதை இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன்.

ரத்தம் மூன்று வாரம் முன்பே எடுத்தாகிவிட்டது. மாதிரி வெளிநாட்டுக்குப் போய் முடிவு வர அத்தனை நாள் ஆகும். இரண்டாம் நாள் காலைத் தேநீர் இடைவேளையில் சயாமா என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போனார். கையில் ஒரு உறை இருந்தது. நாங்கள் பேசியது பர்மிய மொழியில். தமிழில் இப்படி வரும்.

"அமா, உங்க ரத்தத்துல ஈயம் எல்லைக்கு மேல இருக்கு. போன வருஷம் வரைக்கும் எல்லைக்குள்ளதான் இருந்துச்சு."

"என் ஆளுங்களுக்கு?"

"எட்டுப் பேருக்கும் சரியா இருக்கு. உங்களுக்கு மட்டும்தான்."

மாதிரி மாறிப்போயிருக்கும் என்றேன். அவர் உறையிலிருந்த தாளைக் காட்டினார். என் பிறந்த தேதி, என் கையெழுத்து.

"நீங்க உள்ளே போறதே இல்ல. அப்ப வேலையில இருந்து வந்திருக்காது. வீட்டுல யாராவது பெயின்ட் சுரண்டறாங்களா? மீன்வலைக்கு ஈயக் குண்டு ஊத்தறாங்களா?"

"இல்ல. வீட்டுக்காரர் பேட்டரி வேலை பார்க்கிறார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

"பேட்டரி விக்கிறாரா?"

"இல்ல. பிரிக்கிறார்."

சயாமா தாளை மடித்து உறைக்குள் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "பரீட்சையை எழுதுங்க. ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைத் தந்துடறேன். ஈய அட்டையை இப்ப தர முடியாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் கொடுங்க" என்றார். போகும்போது, "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். மகளுக்குப் பதினோரு வயது என்றேன்.

திரும்பப் போய்ப் பரீட்சை எழுதினேன். ஈயம் உடம்புக்குள் எந்த வழிகளில் போகிறது என்ற கேள்விக்கு மூச்சு வழியாக, வாய் வழியாக என்று எழுதினேன். வேலை உடையை வீட்டுக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான்கு வரி எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

என் கணவர் அலோனில் ஒரு படகுத்துறையில் எலக்ட்ரிசியனாக இருந்தவர். கப்பல் வரத்து குறைந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள், அவரும் வெளியே வந்தார். அதே சமயத்தில் ஊரில் மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்தன. புது பேட்டரி வாங்க முடியாதவர்கள் பழையதைப் பிரித்துச் சரிபண்ணித் தரும் ஆளைத் தேடினார்கள். எங்கள் வீட்டின் பின்பக்கம் சமையலறைக் கதவை ஒட்டி ஒரு சிமென்ட் தரை உண்டு. அங்கே உட்கார்ந்து பேட்டரியைத் திறப்பார், தகடுகளைப் பிரிப்பார், கரி அடுப்பில் ஈயத்தை உருக்கி முனைகளை வார்ப்பார். மூன்று வருடமாக இதைத் தினமும் பார்த்துவந்தேன். வேலையில் ஈயம் என்றால் எனக்குப் பழைய ஜன்னல். வீட்டில் பேட்டரி என்றால் கரண்டு. இரண்டையும் நான் ஒன்றாக நினைத்ததே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆறு மாதமாக அவருக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்து இழுத்தது. மலம் இறங்குவது சிரமமாக இருந்தது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார். மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற கடைக்காரன் எண்ணெயை மாற்றிவிட்டான் என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன். ஈயம் ஏறியவருக்கு என்னவெல்லாம் வரும் என்ற பட்டியலைப் பர்மிய மொழியில் எழுதி வேலை இடத்தில் ஒட்டியிருப்பவள் நான். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது வயிற்று வலி.

வகுப்பு முடிந்த மறுநாள் சனிக்கிழமை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் என்னைப் பற்றித்தான் கேட்டார்.

"ஒனக்கு என்னா செய்யுது?"

"எனக்கு ஒண்ணும் செய்யலை. ஒங்களுக்குத்தான் செய்யுது. வயித்து வலி அதனாலதாங்க."

"நீ பெயின்ட்ட சொல்லுற. இது பேட்டரி."

"ரெண்டும் ஒரே ஈயந்தான்."

"துறையில ஈயம் காச்சுனவங்கள்லாம் நல்லாத்தான் இருக்காங்க. ஒன் சயாமாவுக்கு வேற வேலை இல்லை."

அலமாரியிலிருந்து சோதனைக் குச்சிகள் இருந்த பெட்டியை எடுத்தேன். வேலை இடத்தில் பயன்படுத்துவது. விரல் நீளக் குச்சி. உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள். அழுத்தி உடைத்துக் குலுக்கினால் முனையில் மஞ்சள் நீர் கசியும். சந்தேகப்படும் இடத்தில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். ஈயம் இருந்தால் மஞ்சள் சிவக்கும்.

காலையிலிருந்தே கரண்டு இல்லை, சமையலறை இருட்டாக இருந்தது.

"மீ எப்ப வரும்னு தெரியாது, டார்ச்ச புடிங்க" என்றேன். மீ என்றால் கரண்டு, எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். அவர் டார்ச்சை எடுத்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

அடுப்பு வைக்கும் சிமென்ட் தரையில் தேய்த்தேன். உடனே சிவந்தது. "அங்க இருக்கும்ல" என்றார். பின்கதவின் வாசற்படியில் தேய்த்தேன், அங்கும் சிவந்தது. தட்டுகள் கவிழ்த்து வைக்கும் பலகையின் ஓரத்தில் ரோஜா நிறம் வந்தது. அரிசி டப்பா மூடியில் மஞ்சள் மாறவில்லை. குச்சி சரியாக வேலை செய்கிறதா என்று பெட்டியில் இருந்த ஈயப் புள்ளி அட்டையில் அதைத் தொட்டுப் பார்த்தேன், அட்டையில் சிவந்தது. அரிசி டப்பா சுத்தம்தான்.

இரண்டு குச்சிகள் மீதி இருந்தன. மூடி வைக்கலாம் என்று எழுந்தேன்.

"பாப்பா பையயும் பாரு" என்றார்.

மகளின் பள்ளிக்கூடப் பை பின்கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தது. காற்று வரும் இடம் அது ஒன்றுதான் என்பதால் அவள் அங்கே உட்கார்ந்துதான் படிப்பாள். பையின் அடியில் தேய்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தார். மெதுவாக நிறம் ஏறியது. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைக்கிறேன் என்று வெளியே போனார். அன்று அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

மகள் வரும்போது நான் பெஞ்சைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டிருந்தேன். தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். நம் வீடும் வேலை இடமா என்று கேட்டாள். இரண்டு நாளைக்கு அப்படித்தான் என்றேன். சிரித்தாள். அவளைக் குளிக்க அனுப்பினேன்.

மறுநாள், போனில் விஷயத்தைக் கேட்டு, என் ஆட்களில் இரண்டு பெண்கள் தாமாகவே உதவிக்கு வந்தார்கள். நான் எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை, பின்பக்கத் தரையைத் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, "நனைக்காம பெருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றாள். துடைப்பத்தை வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். சுவர், தரை, பலகை, பெஞ்சு எல்லாவற்றையும் மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தோம். துணிகளைப் பையில் போட்டுக் கட்டினோம். பள்ளிக்கூடப் பையையும் அதோடு கட்டிவிட்டேன். மகள் அதற்காக மட்டும் அழுதாள்.

கணவரும் மகளும் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்த முடிவில் அவருக்கு என்னைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மகளுக்குக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அந்தக் கொஞ்சத்தையும் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் விஷயத்தில் சின்ன அளவு என்று ஒன்று கிடையாது என்றார். என் கணவர் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ படிப்புக்கு ஏதாச்சும் ஆகுமா?" இப்போது சொல்ல முடியாது, இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

அதன்பின் அவர் பேட்டரியைத் திறப்பதில்லை. மாடிகளில் சோலார் தகடு பொருத்தி, வயர் இழுத்துக் கொடுக்கிறார். நகரத்தின் வடக்கு ஓரம் ஷ்வேப்யிதா வரைக்கும் போகிறார், சில நாள் வெயிலில் கறுத்துப்போய் வருகிறார். வயிற்று வலி இரண்டு மாதத்தில் நின்றது. கோபம் முழுதாகப் போகவில்லை, அது ஈயத்தால் மட்டும் வந்ததில்லை போலிருக்கிறது.

அந்த மூன்று மாதமும் ஆபீசில் என்னை ஈய வேலைப் பக்கம் விடவில்லை. ஒற்றை அட்டையோடு கூரைத் தகடு வேலைக்கு மட்டும் போய்வந்தேன். ஏன் என்று கேட்ட ஆட்களிடம் காரணத்தை மறைக்கவில்லை. ஒரு வாரம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. மறுபடி கொடுத்த ரத்தத்தில் அளவு எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. சயாமா புதுப் படிவம் கொடுத்தார். ஐந்தாவது கேள்விக்கு உண்டு என்று எழுதி, கீழே இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு, "யபாதே, அமா" என்றார். பரவாயில்லை என்று அதற்கு அர்த்தம். அட்டையைத் தந்தார்.

எங்களிடம் வந்துகொண்டிருந்த பேட்டரிகள் இப்போது அடுத்த சந்தில் இருக்கும் ஒருவரிடம் போகின்றன. என் கணவரிடம் வேலை பழகியவர்தான். நாங்கள் இருவரும் போய் அவரிடம் சொன்னோம். தேநீர் கொடுத்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். மூன்று பிள்ளைகள், வேறு வேலை தெரியாது என்றார். கையுறையும் நல்ல முகமூடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயில் காலத்தில் அதை அவர் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஒரு மதியம் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கடைசிக் குழந்தை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்த ரத்தம் எங்க எடுக்கறாங்கக்கா?" என்று கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

இடத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் அவள் போய்ச் சேரமாட்டாள் என்று பட்டது. மறுநாள் காலை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊசி போடும்போது குழந்தை அழவில்லை, ஒட்டிய பஞ்சை மட்டும் திரும்பத் திரும்பப் பிய்த்து எறிந்தது. முடிவு இன்னும் வரவில்லை.