மாஸ்டருக்குப் பிடிக்காத வீடு

ஷரஃபுதீன் மாஸ்டர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார். இரண்டடி தள்ளிப்போய் மறுபடியும் தட்டுகிறார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசற்கால் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார். வீட்டுக்காரர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நெலவாசல் தெக்கால சாஞ்சு கீது. கெணத்துத் தண்ணி உப்பு. மாடிப்படி வயசானவங்களுக்கு ஆவாது. வர்றேங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பட்டணத்து ஜனங்கள் கடற்கரைக்குப் போவார்கள், கையில் நாலு காசு இருப்பவர்கள் கிண்டி ரேசுக்குப் போவார்கள். மாஸ்டர் காலி வீடு பார்க்கப் போவார். சைதாப்பேட்டையில் எந்தத் தெருவில் 'டு லெட்' பலகை தொங்கினாலும் அங்கே அவரைக் காணலாம். புதிதாக மனை பிரித்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் மாம்பலம் வரைக்கும் போவார், அடையாற்றுப் பக்கமும் போவார். குடிபோகும் உத்தேசம் ஏதும் கிடையாது. இது தெரிந்த சில வீட்டுக்காரர்கள் குடையைத் தூரத்தில் பார்த்ததுமே பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, அவர் தெருவைத் தாண்டிய பிறகு மறுபடி மாட்டுவதுண்டு. ஒரு புண்ணியவான் மாஸ்டர் சொன்னாரே என்று கூடத்துச் சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசிவிட்டு ஆசையோடு கூப்பிட்டனுப்பினார். மாஸ்டர் வந்து பார்த்தார். பழசே தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பிள்ளைகள் வரையும் குடங்களில் ஒன்றாவது நேராக உட்கார்ந்ததில்லை. "இன்னாடா, கொடம் சாராயம் குடிச்சுக் கீதா? நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாரம் முழுதும் கோணலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி ஓய்வு கொடுப்பது?

ஆனால் ஊரார் வீடுகளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை. தாம் குடியிருக்கும் வீட்டைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்துக்கு மேற்கே அடையாற்றங்கரையை ஒட்டி நவாபு காலத்து வீடு ஒன்று இருக்கிறது. அதை நடுவில் பிரித்து ஒரு பாதியில் வீட்டுக்காரி கைசர் ஜஹான் பீபி இருக்கிறார். மறுபாதியில் மாஸ்டரும் அவர் மனைவி வஜீஹாவும் குடித்தனம். பீபி கணவரை இழந்தவர், கோஷா அனுசரிப்பவர், வேற்று ஆண்கள் கண்ணில் படமாட்டார். இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் வாசலில் கனமான சிவப்புத் திரை ஒன்று தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் மாஸ்டர் பீபியின் முகத்தைப் பார்த்தது கிடையாது. பீபி மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. திரை எதற்காக இருக்கிறது?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேநீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் அந்தத் திரைக்கு முன்னால் போய் நிற்பார். "பீபிம்மா" என்று தொண்டையைச் செருமுவார். அன்றைய குறை ஆரம்பமாகும். கோடையில் ஆறு வற்றிச் சேறு நாறும். மழைக்காலத்தில் அதே ஆறு கொல்லைப்படி ஏறும். விடியுமுன் வண்ணார்கள் துறையில் துணி அடிக்கும் அடியில் புதைக்கத் தூக்கிப்போகும் மய்யத்துகூட எழுந்து உட்கார்ந்துவிடும். ரேஸ் நாளில் பாலத்தின்மேல் மோட்டார்கள் ஊதுகிற ஊதலில் காது போய்விட்டது. சின்னமலை மாதா கோயில் மணி நேரம் தப்பி அடிக்கிறது. அதற்கும் வீட்டுக்காரிதான் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வரும்: "ஆமா மாஸ்டர். இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்."

மாஸ்டர் திருப்தியோடு திரும்பிப் போவார். ஒரு குறையும் தீர்ந்ததில்லை, அவரும் தீர்ந்ததா என்று கேட்டதில்லை. திரையை விலக்கிக்கொண்டு கறிக்கிண்ணமும் கையுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற வஜீஹாவுக்கு இதெல்லாம் ஒரு தமாஷ்.

போன ஐப்பசியில்தான் காரியம் கெட்டது. மூன்று நாள் விடாத மழை. ஆறு படியேறி வந்ததோடு ஒரு தண்ணீர்ப்பாம்பையும் சமையலறைக்கு அனுப்பி வைத்தது. அதை விறகுக் கட்டையால் தள்ளி வெளியே விடுவதற்குள் மாஸ்டருக்கு வேட்டி நனைந்து, காலில் அடிபட்டு, கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே திரைக்கு முன்னால் போனார்.

"பீபிம்மா, இந்த வூட்ல மனுசன் இருப்பானா? வவுறு எரிஞ்சுதான் உங்களுக்கு வாடகை குடுத்துக்கினு வர்றேன், தெரிஞ்சுக்குங்க!"

திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. இன்ஷா அல்லாஹ்கூட வரவில்லை. மாஸ்டர் சற்று நின்று பார்த்துவிட்டு, பீபி தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று தலையைத் துவட்டப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மாம்பலத்தில் சுற்றிவிட்டு மாஸ்டர் திரும்பி வந்துகொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்ததெல்லாம் சப்பென்றிருந்தது. தம் தெருவில் திரும்பினால், கோடியில் ஒரு டு லெட் பலகை! அட, நம் தெருவிலேயே ஒரு வீடு காலியா என்று அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நடையை எட்டிப் போட்டார். நடந்துகொண்டே பென்சிலை எடுத்தார். பலகைக்கு எதிரே போய் நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடினார். பலகை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. 'டு' பெரிதாக எழுதி, 'லெட்'டுக்கு இடமில்லாமல் நெருக்கியிருந்தது. எழுதியவனைப் பெஞ்சுமேல் ஏற்ற வேண்டும் என்று நினைத்தபடி மூடிய கண்ணைத் திறந்தார். பலகை தொங்கியது அவர் வீட்டுக் கதவில்.

பென்சிலைப் பையில் வைக்கக்கூடத் தோன்றவில்லை. உள்ளே ஓடினார்.

"வஜீஹா! வாசல்ல இன்னா அது?"

வஜீஹா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பலகை. பீபிம்மா தம்பி வலியுல்லா பாய் வந்து அடிச்சுட்டுப் போனாரு."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"நான் இன்னாத்தைக் கேக்கறது? வூடு நல்லால்லேன்னு டெய்லி சொன்னது நீங்க. உங்க வாயால ஆனது, உங்க வாயாலயே சரிபண்ணிக்குங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மாஸ்டர் திரைக்கு முன்னால் போய் நின்றார். எப்போதும் போல் செருமினார். பீபியே ஆரம்பித்தார். கோபமில்லாத குரல், அதுதான் மாஸ்டரை இன்னும் கலக்கியது.

"மாஸ்டர், தப்பு எம்மேலதான். வவுறு எரிஞ்சு குடுக்கற வாடகை எனக்கு ஹராம். நாளைக்கு அல்லா கேட்டா நான் இன்னா ஜவாபு சொல்லுவேன்? பாவம், இத்தினி வருசமா உங்களை இங்கே கஷ்டப்பட வுட்டுட்டேன். மாம்பலத்துல தம்பிக்குத் தெரிஞ்ச எடத்துல புது வூடு ஒண்ணு கீதாம், சொல்லி வச்சுட்டேன். சுவரு நேரா கீதாம். தளம் நேரா கீதாம். ஆறு கெடையாது."

"ஆறு கெடையாதா?" என்றார் மாஸ்டர்.

"சுத்தமா கெடையாது. நிம்மதியா இருங்க."

நான் ஏதோ கோபத்தில் சொன்னேன், எனக்கு இந்த வீடுதான் வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து எந்த வீட்டையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பழகாத வாய் அது. "மாம்பலத்துல காத்து வராதே" என்று மட்டும் முனகினார். "ஜன்னல் பெருசாம்" என்றார் பீபி. "சரி" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வந்துவிட்டார்.

வஜீஹா செம்புப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினாள். வேண்டுமென்றே சத்தமாகக் கட்டினாள் என்பது என் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கரும்பலகையில் தாமே ஒரு குடம் வரைந்து காட்டினார். அது சாய்ந்து நின்றது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க ஆள் வந்தது. ஷாஹுல் ஹமீது என்று பெயர், ராயப்பேட்டையில் ஜவுளிக்கடை. பீபி வெளியே வரமாட்டார், வலியுல்லா ஊரில் இல்லை. ஆகவே வந்தவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு மாஸ்டர் தலையில் விழுந்தது. உள்ளுக்குள் மாஸ்டருக்குச் சந்தோஷம். இந்த வீட்டின் குறைகளைச் சொல்லி ஒரு மனிதனை விரட்ட அவரைவிடத் தகுந்த ஆள் மதராஸில் யார்?

"தளத்தைப் பாருங்க. கோலிக்குண்டை வச்சா தானா ஆத்துக்கு ஓடும்."

"சிமிட்டி போட்டா சரியாப் பூடும்" என்றார் ஷாஹுல் ஹமீது.

"வண்ணானுங்க விடியறதுக்கு முன்னாடி அடிக்க ஆரம்பிச்சுடுவானுங்க. தூங்க முடியாது."

"நல்லதாப் போச்சு. பஜர் தொழுகைக்கு எழுப்ப ஆளில்லாம கஷ்டப்பட்டுக்கினு இருந்தேன்."

"பாம்பு வரும்!"

"எலி இருக்காது."

வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த ஆயுதங்கள் ஒவ்வொன்றாக மழுங்குவதை மாஸ்டர் பார்த்தார். அதற்குள் ஷாஹுல் ஹமீது ஆற்றைப் பார்த்த அறைக்குள் நுழைந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

"ஒரே நாத்தமா கீதே. பாழடைஞ்ச வூடு. அந்த வாசக்கால் கோணிக்கினு கீது, பேத்துடணும். இந்த ஜன்னல் எதுக்கு இம்மாம் பெருசு? செங்கல் வச்சு அடைச்சுட்டா கொசுவும் வராது, வாடையும் வராது."

மாஸ்டருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. தன் பிள்ளையைத் தான் எவ்வளவு அடித்தாலும் அடுத்தவன் ஒரு குட்டு வைத்தால் தாங்காத ஜாதி நாம். அவர் குரல் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நாத்தமா? இது இன்னா மாசம் தெரியுமா உங்களுக்கு? கார்த்திகைல இந்த ஆறு நாறாது. சித்திரைலதான் நாறும். எப்போ நாறும்னு தெரியாம குத்தம் சொல்ல வந்துட்டீங்க! வாசக்கால் கோணலாம். எந்தப் பக்கம் கோணல், சொல்லுங்க பார்ப்போம்? தெரியாது. ஆத்துப் பக்கம். அதனாலதான் கதவு தானா தொறந்துக்கினு காத்து உள்ள வருது. ஜன்னலை அடைப்பீங்களா? காலைல வெயில் ஆத்துல பட்டு இந்த ஜன்னல் வழியா மச்சுக்கு அடியில வந்து ஆடும், பார்த்துக் கீறீங்களா? நான் படம் போடறவன் சார். இத்தினி வருசமா அதைப் போட்டுப் போட்டுப் பார்க்கறேன், பென்சில்ல வரமாட்டேங்குது. அதைச் செங்கல் வச்சு மூடுவாராம்! மெட்ராஸ்ல கீற காலி வூடு அத்தினியும் பார்த்துட்டேன். இதைவிட நல்ல வூடு ஒண்ணு கீதோ, கண்ணுல பட்டுடுமோன்னு பயந்துக்கினுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் படலை!"

ஷாஹுல் ஹமீது இரண்டடி பின்வாங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இம்மாம் புடிச்ச வூட்டை ஏன் சார் காலி பண்றே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார்.

அடுக்களையில் சாக்குக் கட்டும் சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் மாஸ்டருக்குத் திரை ஞாபகம் வந்தது. காதெல்லாம் சிவந்துவிட்டது. கல்யாணமான புதிதில் வஜீஹாவிடம்கூட அவர் இப்படிப் பேசியதில்லை.

யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். பலகையைப் பிடித்து இழுத்தார். அது ஆணியோடும் ஒரு சிராயோடும் கையில் வந்தது. கதவில் ஓட்டை. அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழைந்தது. உச்சுக் கொட்டினார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு செருமினார்.

"பீபிம்மா."

"சொல்லுங்க மாஸ்டர்."

"உங்க தம்பிக்கு ஆணி அடிக்கத் தெரியுமா? தேக்குக் கதவு. நடுப் பலகையைப் பொளந்து வச்சுக் கீறாரு. மழைத் தண்ணி உள்ள எறங்கினா மரம் இன்னாத்துக்கு ஆவும்?"

திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது: "வவுறு எரிஞ்சு சொல்றீங்களா, மாஸ்டர்?"

"வவுறெல்லாம் ஒண்ணும் எரியலை" என்றார் மாஸ்டர் அவசரமாக. "நான் கதவைப் பத்தி சொல்றேன். அப்புறம் அந்தக் கீல் வேற..."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் கேட்டது.