எஸ்தர் மேடமும் அணையாத எண்ணெய் உலையும்

எஸ்தர் மேடம் இறந்த செய்தி ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு முந்தைய செய்தி, நம் நிறுவனம் பசுமை விருது வாங்கிய படம். அதற்கான கைதட்டல்கள் சில, அவசரத்தில், இறப்புச் செய்திக்குக் கீழேயும் விழுந்திருந்தன. மேடம் கோபித்திருக்க மாட்டார். "படிக்காம கை தட்றது நம்ம கம்பெனி பழக்கம்தானே" என்றிருப்பார்.

அச்சரப்பாக்கம் பக்கத்திலுள்ள நம் கம்பி ஆலையில் அவர் எரிசக்தி மேலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சும் எண்ணெய் உலையை நிறுத்தி, மின் உலை கொண்டுவர வருடக்கணக்கில் அலைந்தார். அரசு மானியம் வந்தது. மின் உலை வந்தது. பழையதை இடிக்க ஆட்களும் வந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. புது உலையைச் சிறப்பு விருந்தினர் பந்தத்தால் பற்றவைப்பது ஆலை வழக்கம். மின் உலையில் பற்றவைக்க ஒன்றுமில்லை, பொத்தான்தான் உண்டு.

"பட்டன அமுக்குனா போட்டோவுல இன்னா மேடம் தெரியும்? லிப்ட்டுல போற மாரி இருக்கும்."

ஆகவே இடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய எண்ணெய் உலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, விருந்தினர் கையால் பற்றவைத்தார்கள். மறுநாள் நாளிதழில் தூய ஆற்றல் என்று வந்த படம் அந்தப் புகையினுடையது.

பற்றவைத்தது அணையவில்லை. மாலை நேர மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்பதால், பகலில் மின் உலை, பொழுது சாய்ந்தால் எண்ணெய் உலை என்று ஏற்பாடானது. மாலை ஷிப்ட் ஆட்கள் இருமிக்கொண்டே பசுமை இரும்பு செய்தார்கள்.

மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மேடம் எழுந்து பேசினார். "மின் உலை வாங்க மானியம் குடுக்கிறீங்க. அதைச் சாயங்காலம் ஓட்டினா அபராதம் மாதிரி கட்டணம் போடுறீங்க. பழசை இடிச்சாத்தான் மானியம்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே ஐயா?" அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். டீ கொடுத்தார்கள்.

புகையைக் கொஞ்சமாவது குறைக்கலாமே என்று, மாலைதோறும் அந்த உலையருகிலேயே நின்று எண்ணெயையும் காற்றையும் அளவு பார்த்துத் திருகிக்கொண்டிருந்தார். நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது, வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்று மருத்துவர் கேட்டார்.

"வூட்ல யாரும் இல்ல டாக்டர். வேல செய்ற எடத்துல ஒருத்தர் கீறாரு. நிறுத்துப்பான்னா கேக்க மாட்றாரு."

காரணம் இதுதான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. நானும் எழுதவில்லை.

செங்கல்பட்டில் மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, கனரகத் தொழில்களை மின்மயமாக்கும் புதிய கொள்கையைப் பற்றி நாளிதழில் வந்ததை வாசித்துக் காட்டினேன். ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டுக் கேட்டார்: "புச்சா இன்னா வருதுன்றது இருக்கட்டும். பழசுல இன்னா நிக்கப்போவுது? அத்த சொல்லுப்பா."

திரும்பப் புரட்டினேன். அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மாமல்லபுரத்தில் அவரை அடக்கம் செய்த அன்று, மரியாதைக்காக மாலையில் எண்ணெய் உலையை நிறுத்தினார்கள். மின் உலையே ஓடியது. கம்பி ஒழுங்காகத்தான் வந்தது. "இன்னாண்ணா, இன்னிக்குத் தொண்ட எரியல?" என்று ஒருவர் கேட்டாராம். மறுநாள் மாலை மறுபடி பற்றவைத்தார்கள். விழா எதுவும் இல்லாமல்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது, பழசில் எது நிற்கப்போகிறது என்ற அந்தக் கேள்வி. நிர்வாகக் கூட்டங்களில் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் என்னை மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள்.